அதிரசம் பிரிந்தால், கல்லானால், எண்ணெய் குடித்தால்: அப்பத்தா இல்லாத வீட்டுக்கு ஒரு வழிமுறை

தீபாவளிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போதே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "மாவு கரையுதுப்பா" என்று அத்தை. "அண்ணா, இதை உடைக்கச் சுத்தியல்தான் எடுக்கணும்" என்று சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள். பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கையில் கரண்டியோடு வீடியோவில் வந்து நிற்கும் தம்பி மனைவி. நான் சமையல்காரன் எல்லாம் இல்லை, ரசம்கூட ஒரு நாள் போல் ஒரு நாள் வராது, ஆனால் ஒன்பது தீபாவளியாக இந்த ஒரு பலகாரத்தை மட்டும் எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் கெடுத்து, ஒவ்வொரு தடவையும் என்ன தப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் போனில் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே போட்டுவிடுகிறேன்.

கதை இதுதான். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தா இறந்த வருஷம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பலகாரம் சுடுவதில்லை என்பதால் பங்காளிகள் அல்லாத சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டோம். அடுத்த வருஷம் அவருக்குப் படையலில் அதிரசம் வைக்க வேண்டும் என்று எல்லோரும் கூடி உட்கார்ந்தபோதுதான் வீட்டில் ஒருத்தருக்கும் அது வராது என்று தெரிந்தது. நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்து மாவு சலித்த அத்தைக்கும் வராது. பாகுப் பக்கம் மட்டும் அப்பத்தா யாரையும் விட்டதில்லை. அப்பா எப்போதோ கேட்டு ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்தது: "படி அரிசி, ரெண்டு மண்டை வெல்லம், பாகு பாத்து." அவ்வளவுதான். அந்த வருஷம் படையலில் கடை அதிரசம்தான் இருந்தது.

முதலில் அளவு

படி என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆகவே உங்கள் வீட்டுக் குறிப்பில் படி என்று இருந்தால் அந்த வீட்டுப் படியையே தேடி எடுத்து அரிசி போட்டு எடை பாருங்கள். அப்பத்தாவின் பித்தளைப் படி, தலை தட்டி, ஒரு கிலோ நானூறு பிடித்தது. மண்டை வெல்லம், அதாவது வெல்ல உருண்டை, அவர் காலத்தில் ஒன்று அரைக் கிலோவாம். கணக்குப் போட்டால் ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. பொதுவாக எல்லோரும் சொல்வதும் ஒன்றுக்கு முக்கால்தான். எடை, ஊறப்போடுவதற்கு முன்னால் உள்ள அரிசிக்கு. இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு தீபாவளி ஆனது, ஏனென்றால் இப்போது கடையில் கிடைக்கிற உருண்டை சின்னது, நாங்கள் ரெண்டு என்று எண்ணி ரெண்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம்.

மீதி எல்லாருக்கும் தெரிந்ததே. மாவு பச்சரிசி இரண்டு மணி நேரம் ஊறணும், வடித்து நிழலில் வேட்டியில் பரப்பணும், ஈரம் முழுதாகப் போவதற்குள் அரைத்துச் சலிக்கணும். வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டிவிட்டுப் பாகு. மாவைச் சேர்த்துக் கிளறி, சுக்கு, ஏலக்காய், எள், ஒரு கரண்டி நெய். வேடு கட்டி, அதாவது பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டி, ஒரு நாளாவது வைக்கணும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. பிறகு தட்டி, எண்ணெயில் போட்டு, எடுத்துப் பிழியணும்.

எந்தக் கோளாறுக்கும் பொதுவான ஒரு விதி: முதலில் ஒன்றே ஒன்று, எலுமிச்சை அளவுக்குப் பாதி, போட்டுப் பாருங்கள். முழு மாவையும் தட்டி வரிசையாக வாழையிலையில் அடுக்கிவிட்டு அப்புறம் எண்ணெயைக் காயவைக்கிறவர்கள்தான் அழுகிற குரலில் எனக்குப் போன் செய்கிறார்கள்.

எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்து போகிறது

வருகிற போனில் பாதிக்கு மேல் இதுதான். போட்டவுடன் ஓரம் நுரைத்து, நடுவில் ஓட்டை விழுந்து, கடைசியில் சட்டி அடியில் கருப்பு மணல் மாதிரி ஏதோ கிடக்கும்.

முதலில் அடுப்பைப் பாருங்கள், செலவில்லாத காரணம் அதுதான். மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டால் எண்ணெய் காயவில்லை. காயாத எண்ணெயில் மாவு கட்டுவதற்கு முன்னால் வெல்லம் இளகிப் பிரிந்துவிடும். போட்ட கையோடு சுர்ரென்று மேலே வந்து சிவந்தால் அதிகச் சூடு. அடியில் போய், ஒரு மூச்சு விட்டு, மெதுவாக மேலே வரணும். அதுதான் சரி. ஒன்றைப் போட்டதும் கரண்டியால் கிண்டுவதையும் நிறுத்துங்கள். அது தானாக மேலே வரும் வரை கை வைக்கக் கூடாது.

எண்ணெய் சரியாக இருந்தும் பிரிகிறதா? மாவு எத்தனை நாள் இருந்தது என்று பாருங்கள். காலையில் கிளறிச் சாயங்காலம் சுட்டால் பிரியத்தான் செய்யும். மூடி வைத்துவிட்டு நாளைக்குப் பாருங்கள். பலருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது.

ஒரு நாள் கழித்தும் அதே கதை என்றால், மாவை விரலால் தொட்டுத் தூக்கிப் பாருங்கள். வழிந்து இறங்கினால் மாவு இளக்கம், அதாவது பாகு முற்றுவதற்குள் இறக்கிவிட்டீர்கள், இல்லையென்றால் பாகுக்கு மாவு போதவில்லை. இதற்காகத்தான் அரைத்த மாவில் ஒரு கைப்பிடி எப்போதும் எடுத்து வைக்கச் சொல்வது. ஃப்ரீசரில் வைத்தால் தாங்கும். அந்த மாவை இரண்டு இரண்டு கரண்டியாகச் சேர்த்துப் பிசைந்து, மறுபடி ஒன்று போட்டுப் பாருங்கள். எடுத்து வைக்காதவர்கள் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கலாம், ஆனால் ஒரு ஆரஞ்சுப் பழ அளவு உருண்டைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் அது அதிரசம் இல்லை, இனிப்புப் பூரி.

மாவு இளக்கமாகவும் இல்லை, இருந்தும் பிரிகிறது என்றால் அரைப்பு. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறதா? சல்லடை பெரிய கண். ரவை பதத்தில் இருக்கிற மாவு பாகோடு ஒட்டாது. கிளறிய பிறகு இதற்கு முழு வைத்தியம் கிடையாது. இன்னொரு நாள் ஊற விட்டு, கொஞ்சம் தடிமனாகத் தட்டி, நெய் தொட்டு நன்றாக அழுத்திப் பிசைந்து சுட்டால் முக்கால்வாசி தேறும். சிங்கப்பூர் தங்கைக்கு மூன்று வருஷம் பிரிந்ததற்குக் காரணம் வேறு: பாக்கெட் அரிசி மாவு. காய்ந்த மாவு. இடியாப்பத்துக்கு வருகிற மாவு இதற்கு வராது. இப்போது அவள் அரிசி ஊறப்போட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்கிறாள், சரியாக வருகிறது.

கடைசியாக வெல்லம். எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீரில் விட்டால் கரைந்துகொண்டே இருக்கிற வெல்லம் ஒன்று உண்டு, நாக்கில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும். அந்த வெல்லத்தோடு சண்டை போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். பாயசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் "பாகு வெல்லம்" என்றே கேட்டு வாங்குங்கள், பளிச்சென்ற மஞ்சளை விடக் கொஞ்சம் மங்கின நிறம் நல்லது, மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் சின்னத் துண்டு வாங்கி வந்து குழிக்கரண்டியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நாமக்கல் மாவட்டம் பிலிக்கல்பாளையத்திலும் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியிலும் வெல்லச் சந்தை கூடும், அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.

எதுவுமே ஆகவில்லையா? மாவைக் கொட்டிவிடாதீர்கள். கோதுமை மாவு ஒரு பங்கு, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, தேவைக்குத் தண்ணீர் சேர்த்துக் கரைத்துப் பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள். இரண்டாம் வருஷம் எங்கள் வீட்டில் நாலு நாள் காலை டிபன் அதுதான், பிள்ளைகள் அதிரசத்தை விட அதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

கல்லாக இருக்கிறது

சுட்ட அன்றைக்கே சொல்லாதீர்கள். மறுநாள் காலை கடித்துப் பாருங்கள். சூடு ஆறும்போது ஓரம் இறுகி, டப்பாவில் ஒரு ராத்திரி இருந்ததும் தளர்வது அதிரசத்தின் சுபாவம்.

மறுநாளும் கல் என்றால் முதலில் கையைக் குற்றம் சொல்லுங்கள். மெல்லிசாகத் தட்டினீர்களா? சிறு தீயில் ரொம்ப நேரம் போட்டு வைத்தீர்களா? பிழியும்போது பகையாளியைப் பிழிவது மாதிரி பிழிந்தீர்களா? அரை விரல்கடைத் தடிமன், இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துவிடணும், எடுக்கும்போது மெத்தென்று இருக்கணும்.

அது இல்லையென்றால் பாகு முற்றிவிட்டது. அப்பத்தாவின் "பாகு பாத்து" என்ற இரண்டு சொல்லுக்குள் இருந்த மொத்த சங்கதியும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் இளம் பாகு. விரலால் கூட்டினால் கூடி, வெளியே எடுத்தால் உருண்டையாக நின்று, அமுக்கினால் தக்காளிப் பழம் மாதிரி நசுங்கணும். அத்தை இதைத் தக்காளிப் பதம் என்கிறார். உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வந்தால் அது கடலை உருண்டைக்கு, பொரிவிளங்காய்க்கு. நமக்கு ஆகாது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 112-லிருந்து 115 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் இடம், அதற்குள் இறக்கிவிடணும்.

எல்லோரும் செய்கிற தப்பு என்ன தெரியுமா, அடுப்பை எரியவிட்டுக்கொண்டே பதம் பார்ப்பது. நீங்கள் கிண்ணத்தில் உருட்டி, நசுக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, அவர் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, இதெல்லாம் நடக்கிற ஒரு நிமிஷத்தில் சட்டியில் பாகு அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும். ஒவ்வொரு தடவை சொட்டு விடும்போதும் அடுப்பை அணையுங்கள். போதவில்லை என்றால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம், முற்றினதை இளக்குவது பெரும்பாடு. கனமான சட்டி என்றால் இறக்கிய பிறகும் அதன் சூட்டில் பாகு ஏறும், உடனே மாவைத் தூவிக் கிளற ஆரம்பிக்கணும். மாவை அளந்து பக்கத்தில் தயாராக வைக்காமல் பாகு வைக்கவே கூடாது.

கிளறி முடித்ததும் மாவு சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியாக நின்றால் நாளைக்கு அது செங்கல். இன்றைக்குக் கரண்டியிலிருந்து கனமாக விழுகிற அளவு இளக்கமாக இருந்தால்தான் நாளைக்குத் தட்ட வரும். "தண்ணியா இருக்கே" என்று பயந்து இருக்கிற மாவு முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். பயப்படாதீர்கள்.

இறுகிவிட்ட மாவுக்கு வைத்தியம்: தேவையான அளவு மட்டும் எடுத்து, வெதுவெதுப்பான பாலைத் தெளித்து, நெய் தொட்டு, உள்ளங்கை அடியால் தேய்த்துப் பிசையுங்கள். பால் சேர்த்த மாவை அன்றைக்கே சுட்டுவிடணும், வைத்தால் கெட்டுப்போகும். கையில் உடையவே மாட்டேன் என்கிற மாவை உடைத்துத் துண்டாக்கி இட்லிப் பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்துவிட்டுப் பிசையுங்கள். சுட்டு முடித்த கல்லுக்கும் அதே இட்லிப் பாத்திரம், இரண்டு நிமிஷம், சாப்பிடும்போது மட்டும்.

தட்டும்போதே ஓரம் வெடிக்கிறது

மாவு காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன பால், நெய், பிசைதல். அரிசியை வெயிலில் காயப்போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும். வேட்டியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும், கையில் அள்ளினால் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாகணும். அரைத்த மாவைப் பிடித்தால் பிடிபடணும், தட்டினால் உதிரணும்.

எண்ணெய் குடிக்கிறது

ஒன்றைக் காகிதத்தில் வைத்து எடுங்கள். காகிதம் கண்ணாடி மாதிரி ஆனால் நீங்கள் பிழியவில்லை. தட்டையான இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து, சூடாக இருக்கும்போதே, சட்டிக்கு மேலேயே அழுத்தணும். ஆறின பிறகு அழுத்தினால் எண்ணெய் வராது, அதிரசம்தான் உடையும். அப்பத்தா வைக்கோல் பரப்பி அதன் மேல் அடுக்குவார், எண்ணெய் வடிந்துவிடும், ஒரு வாசமும் ஏறும். நகரத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது, கம்பி வலைத் தட்டு போதும்.

பிழிந்தும் வழிகிறதென்றால் எண்ணெய் சூடு குறைவு, அல்லது ஒரே நேரத்தில் நாலைந்து போடுகிறீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதுவும் இல்லையென்றால் வெல்லம் கூடிவிட்டது. கொஞ்சம் மாவு சேருங்கள். ஆப்ப சோடா போட்டால் உப்பும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஒரு வருஷம் போட்டேன், சட்டியில் இருந்த எண்ணெயில் பாதியை அதிரசம் குடித்துவிட்டது. போடாதீர்கள்.

வெளியே கருப்பு, உள்ளே பச்சை மாவு

தீ அதிகம். பத்தில் எட்டுக்கு இதுதான் பதில். வெல்லம் சேர்ந்த எதுவும் வேகுமுன் கருகப் பார்க்கும், ஆகவே காய்ந்த எண்ணெயை நடுத்தரத்துக்கும் கீழே இறக்கிவிட்டுத்தான் போடணும். சட்டியில் அடி வண்டல் சேர்ந்திருந்தால் வடிகட்டுங்கள், அந்தக் கரி அடுத்து வருகிற ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டும். தடிமன் அதிகமா என்றும் பாருங்கள்.

தீயைக் குறைக்கவே முடியவில்லை, சிம்மில் வைத்தாலும் பெரிதாகவே எரிகிறது, அல்லது சிம்மில் அணைந்துவிடுகிறது, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது என்றால் கோளாறு உங்களிடம் இல்லை, அடுப்பில். ஆறிய பர்னரைக் கழற்றிக் கழுவி, ஓட்டைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டிப் பாருங்கள். இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை, அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழாயையோ ரெகுலேட்டரையோ பிரிக்க வேண்டாம். கேஸ் வாடை வந்தால் சுட்டது போதும் என்று ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு 1906-க்குப் போன் செய்யுங்கள், சமையல் எரிவாயுக் கசிவுக்கென்றே உள்ள எண் அது. அப்புறம் ஒன்று, எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டத்தைப் போட்டு மூடிவிடணும்.

மாவில் காரம், புளிப்பு, பூசணம்

காரம் அடித்தால் மில். உங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். ஈர அரிசிக்குத் தனி மெஷின் ஓட்டுகிற மில்லாகப் பாருங்கள், தீபாவளி வாரத்தில் பல மில்லில் ஓட்டுவார்கள், இல்லையென்றால் உங்கள் அரிசியிலேயே இரண்டு கைப்பிடி முதலில் போட்டு ஓட்டி அந்த மாவைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். லேசான புளிப்பு வாடை என்றால் அன்றைக்கே சுட்டுவிடலாம். மேலே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அதை மட்டும் வழித்துவிட்டு மீதியை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். கொட்டிவிடுங்கள். ஈரக் கரண்டி போட்டிருப்பீர்கள்.

எப்போது ஆள் கூப்பிடுவது

இரண்டு வெவ்வேறு வெல்லத்தில் பாகு வைத்து இரண்டும் கெட்டுவிட்டதென்றால் மூன்றாவதை நீங்கள் வைக்க வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் பலகாரம் போட்டுக் கொடுக்கிற அக்கா ஒருவர் இருப்பார். முழுவதையும் அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை, அரிசி ஊறவைத்து, அரைத்து, சலித்து வைத்துவிட்டு, பாகு வைத்துக் கிளறிக் கொடுக்க மட்டும் வரச் சொல்லலாம். ஒரு மணி நேரம். பக்கத்திலேயே நின்று பாருங்கள், எந்த நொடியில் அடுப்பை அணைக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதும். நான் கற்றுக்கொண்டது அப்படித்தான், மூன்றாவது தீபாவளியில். தீபாவளி வாரத்தில் அவருக்குக் கை ஒழியாது, பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிடணும்.

மூன்று கிலோ அரிசிக்கு மேல் போனால் முதலிலேயே ஆள். சீர்த்தட்டுக்கு என்றாலும் ஆள். சம்பந்தி வீட்டுக்குப் போகிற அதிரசத்தில் யாரும் தொழில் பழகக் கூடாது.

எல்லாம் சரியாக வந்துவிட்டது, ஆனால் அப்பத்தா போட்டது மாதிரி இல்லை

பிரியவில்லை, கல் இல்லை, எண்ணெய் இல்லை, நிறம்கூட அதே நிறம். சாப்பிட்டுவிட்டு அப்பா "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கவில்லை. ஐந்தாவது வருஷம் எங்களுக்கு வந்த அறிகுறி இது.

மலிவான காரணங்களிலிருந்து தொடங்கினோம். எண்ணெய்: அவர் செக்குக் கடலை எண்ணெய் தவிர எதையும் தொட்டதில்லை, நாங்கள் சூரியகாந்தி எண்ணெயில் சுட்டுக்கொண்டிருந்தோம். மாற்றியதும் வாசம் பாதி வந்துவிட்டது. சுக்கு: பாக்கெட் பொடி இல்லை, முழுச் சுக்கை அடுப்பில் லேசாகச் சுட்டு, தோலைச் சுரண்டி, தட்டிச் சலித்தது. ஏலக்காய் அவர் போட்டதை விட நாங்கள் அதிகம் போட்டிருந்தோம், கடைப் பழக்கம். சட்டி: அலுமினியத்திலிருந்து இரும்புக்கு மாறினோம். மாவை வைக்கிற பாத்திரம்: அவர் மண்பானையில் வேடு கட்டி வைப்பார், எங்கள் ஊரில் பானைக்கா பஞ்சம், புதுப் பானை வாங்கிப் பழக்கி அதில் வைத்தோம். சுட்டதைத் தூக்குச்சட்டியில் போட்டு மூன்றாம் நாள்தான் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நெருங்கியது. ஆனாலும் அப்பா இரண்டாவதை எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆள் கூப்பிட்டோம். ஆள் என்றால் சின்னப்பத்தா, அப்பத்தாவின் கூடப்பிறந்த தங்கை, காரைக்குடிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது. நான் போனில் வெல்லக் கணக்கு, பாகுப் பதம், சுக்கு என்று வரிசையாக ஒப்பித்தேன். எல்லாவற்றுக்கும் ம், ம் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்கப்பனுக்கு முழு அதிரசம் எப்பய்யா குடுத்தா அவ? பதம் பாக்கப் போடுவாளே மொதல்ல, பிஞ்சு போவும்ல, அத கரண்டியோட எடுத்து ஊதி ஊதி அவன் வாயில வைப்பா. நல்லதெல்லாம் பானைக்குள்ள போயிரும், ஊருக்குக் குடுக்க. நீங்களும் அந்தப் பிஞ்சதத்தான தின்னீங்க?"

யோசித்துப் பார்த்தால் உண்மை. நானும் அடுப்படியில் நின்று தின்றது அதைத்தான். ஓரம் நுரைத்து மொறுமொறுவென்று, நடுவில் கொழகொழவென்று, நாக்கைச் சுடுகிற சூட்டில், பிழியாத எண்ணெயோடு. இந்த வழிமுறையில் முதல் கோளாறாக எதை எழுதியிருக்கிறேனோ அதுதான்.

ஆகவே இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது: எண்ணெய் முழுதாகக் காய்வதற்குக் கொஞ்சம் முன்னால், அன்றைக்குக் கிளறின மாவிலிருந்தே ஒரு கிள்ளு எடுத்துப் போடுங்கள். பிரியும். பிரிந்ததை அள்ளி, தட்டில் வைக்காமல், நின்ற இடத்திலேயே கொடுங்கள். அப்பா நாலு தின்றார். சர்க்கரை இருக்கிறது அவருக்கு, ஐந்தாவதை அத்தை பிடுங்கிவிட்டார்.

அப்பத்தாவின் அளவு பற்றியும் சின்னப்பத்தாவிடம் கேட்டிருந்தேன். "அவ கல்யாணமாகி வந்து ஏழெட்டு வருசம் கல்லாத்தான்யா சுட்டா, மாமியாகாரி தாவாரத்துல எறிஞ்ச கதையெல்லாம் இருக்கு, நேர்ல வா சொல்றேன்" என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் மிச்சம் இருந்தால் பாகு வைப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்துவிடுங்கள். எங்கள் சின்னப்பத்தாவுக்குக் காலையில்தான் காது நன்றாகக் கேட்கிறது, பதினோரு மணிக்கு மேல் கூப்பிட்டால் மகளிடம்தான் கத்திச் சொல்லச் சொல்லணும்.